மூன்றாவது வீதியின் ஸ்டீரிங்

ஆறுமுகம் லே-அவுட் மூன்றாவது வீதி, பக்கம் திரும்பக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், மற்ற எந்த வீதியையும் போலக் கிழக்கு மேற்காகச் சும்மா கிடந்தது. கோயம்புத்தூரில் மில் சங்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை ஊதுகிற பக்கத்தில் இருந்த அந்த வீதியில் இருபத்திரண்டு வீடுகளும் ஒரே ஒரு காரும் இருந்தன. வீடுகளில் பதினொன்று வடக்கு வாசல், பதினொன்று தெற்கு வாசல், கார் மட்டும் எந்தத் திசையைப் பற்றியும் கவலைப்படாமல் ஏழாம் நம்பர் வீட்டுக் கேட்டுக்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. வெளுத்த மஞ்சளில் வழவழவென்று உருண்டையாக இருந்ததால் எல்லோரும் அதை முட்டை வண்டி என்றார்கள். அதன் சொந்தக்காரர் சென்னியப்பன், மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற ரீவைண்டிங் கடைக்காரர், செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றியே ஐம்பத்தெட்டு வயசுக்கு வந்துவிட்டவர், அதனால் இட்லி தின்றாலும் படியேறினாலும் மனசுக்குள் எண்ணுகிறவர், நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் செய்து முடித்துவிட்டு அப்புறம் யோசிக்கிறவர்.

அப்படித்தான் அவர் அந்தக் காரின் பழைய ஸ்டீரிங்கை மாற்றினார்.

காரணம் கேட்டால் இரண்டு சொல்லுவார். ஒன்று, அது முறம் அகலத்துக்குப் பெரியதாக இருந்து, அவருடைய வயிறும் வருஷத்துக்கு வருஷம் பெருத்து, இரண்டும் சந்தித்துக்கொள்ளும் இடத்தில் சட்டைப் பொத்தான் தங்குவதில்லை. இரண்டு, அதன் மேல் விளிம்பில் விழுந்திருந்த விரிசல் திருப்பும்போதெல்லாம் உள்ளங்கையைக் கடித்தது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து, தோல் சுற்றிய சின்ன ஸ்டீரிங் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். மெக்கானிக் ஜாபர் பாய்க்கு அது பிடிக்கவில்லை. நட்டைக் கழற்றும்போதே முனகினார்.

"நாப்பது வருசமா அதே கழுத்துல இருந்த தலைங்கண்ணா இது. மாத்தறது மாத்தறீங்க, பழசைத் தூக்கி வீசிப்போடாதீங்க. எங்காச்சும் மாட்டி வெய்யுங்க."

சென்னியப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். கேட்டுத் தூணிலிருந்து, பின்னால் ஒரு நாள் வளைவு கட்டலாம் என்று பதினைந்து வருஷமாக விட்டுவைத்திருந்த முறுக்குக் கம்பி ஒன்று துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பழைய ஸ்டீரிங்கை மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. அவர் கையைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பால் வாங்க வெளியே வந்த அவர் மனைவி தெய்வானை, கம்பியில் பையை மாட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்த ஸ்டீரிங்கை ஓர் ஓரமாகத் தள்ளினாள். அது வலப் பக்கமாகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டது. முதுகில் அடித்துக்கொண்டிருந்த வெயில் அவளுடைய வலது தோளுக்கு மாறியது. எதிர்வீடு எதிரிலேயே இருந்தது, பக்கத்து வீடு பக்கத்திலேயே இருந்தது, வீதிமுனையில் எப்போதும் தெரிகிற டீக்கடைக்குப் பதிலாக வளையல் கடை தெரிந்தது. அவள் இடப் பக்கம் தள்ளிப் பார்த்தாள். டீக்கடை திரும்பி வந்தது. பையை மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

"என்னுங்க, நம்ம வீதி திரும்புதுங்க."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் திரும்புது."

"சரி, காப்பி ஆறுது பாரு," என்றார் சென்னியப்பன்.

இப்படித்தான் அது தொடங்கியது. இருபத்திரண்டு வீடுகள் சுவரோடும் கிணற்றோடும் மொட்டை மாடியில் காய்கிற மிளகாயோடும் திரும்பும்போது, இரண்டாவது வீதியும் நாலாவது வீதியும் எப்படி வழிவிட்டன என்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் இன்னொருவர் உட்கார வந்தால் இருக்கிறவர்கள் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள் அல்லவா, அப்படித்தான் கொடுத்தன. கேள்வி அதுவல்ல. திரும்ப முடியுமானால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதுதான் கேள்வி, அந்தக் கேள்விக்கு வீதியில் எல்லோரிடமும் பதில் இருந்தது. வாஸ்து பிடித்து ஊரை ஆட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. நல்லாயிருந்த படிக்கட்டை இடித்தவர்கள் உண்டு, கட்டிய கக்கூசை மூடியவர்கள் உண்டு, சமையல் மேடையைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக அலைந்தவர்கள் உண்டு. கிழக்கு வாசல் வீட்டுக்காரனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்த இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் ஏழாம் நம்பர் தூணில் தொங்கிய ஸ்டீரிங், கொத்தனார் இல்லாமல், சிமெண்டு இல்லாமல், கிழக்கைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது.

முதலில் வந்தவர் எதிர் வரிசை சாவித்திரி டீச்சர். பன்னிரண்டாம் நம்பர், வடக்கு வாசல். வலப் பக்கம் சுற்றினால் அவர் வரிசைக்குக் கிழக்கு வாசல் ஆகும். அவர் சுற்றிவிட்டுப் போன அரை மணி நேரத்தில் சென்னியப்பனின் வரிசை முழுக்க மேற்கு வாசல் ஆனதைப் பார்த்து ஒன்பதாம் நம்பர்காரர் பனியனோடு ஓடிவந்து இடப் பக்கம் சுற்றினார். டீச்சர் மறுபடி வந்தார். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வீதி பதினான்கு தடவை திரும்பியதாகச் சென்னியப்பன் எண்ணினார். ஐந்தாம் நம்பரில் மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. கைகலப்பாகப் போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோதுதான், மில்லில் முப்பது வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற நாகமாணிக்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எதுக்கு சண்டை? ஷிப்ட் போட்டுக்கலாம்."

எல்லோருமே ஏதோ ஒரு மில்லில் ஷிப்ட் பார்த்தவர்கள், அல்லது ஷிப்ட் பார்த்தவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர்கள். யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திங்கள் காலையிலிருந்து புதன் மதியம் வரை வலது ஷிப்ட், எதிர் வரிசைக்குக் கிழக்கு. புதன் மதியத்திலிருந்து சனி வரை இடது ஷிப்ட், இந்த வரிசைக்குக் கிழக்கு. ஞாயிற்றுக்கிழமை வாராந்திர விடுமுறை, வீதி தன் பழைய இடத்தில் நேராகப் படுத்துக்கொள்ளும். சங்கம் ஒன்று ஏற்பட்டது, தலைவர் நாகமாணிக்கம். ஸ்டீரிங்கைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு, சாவி தலைவர் இடுப்பில். சரியாகக் கிழக்கில் போய் நிற்க எத்தனை சுற்று என்று கணக்காகச் சொல்ல ஆள் வேண்டுமே என்ற பேச்சு வந்ததும் அத்தனை பேரும் சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள், அவரும் யோசிக்காமல் முன்னால் வந்து, காயில் சுற்றுகிற நிதானத்தோடு சுற்றிப் பார்த்து, நடுவிலிருந்து இரண்டே கால் சுற்று என்று சொல்லி, சுற்றுகிற வேலையையும் தலையில் ஏற்றுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்து அவர் பின்னால் பல்லைக் கடித்த நாட்கள் எத்தனையோ.

வீதி பழகிக்கொண்டது. ஷிப்ட் மாறினால் டி.வி.யில் படம் பொரி பொரியாகப் போகும் என்பதால் ஆண்கள் மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவை எதிர்ப் பக்கம் திருப்பினார்கள். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதால் பெண்கள் கட்டில்களைத் திருப்பினார்கள். பதினெட்டாம் நம்பர்காரர் கட்டிலுக்குச் சக்கரம் வைத்துக்கொண்டார். பேப்பர் போடுகிறவர் கிழமையைக் கேட்டுக்கொண்டுதான் சைக்கிளைத் திருப்பினார். கிழக்கு வாசல் வந்த மூன்றாவது வாரத்தில் டீச்சருக்கு ஐந்து வருஷமாக வராத மாற்றல் உத்தரவு வந்தது, ஒன்பதாம் நம்பர் பையனுக்குப் பெண் அமைந்தது, இரண்டாம் நம்பரில் வறண்டு கிடந்த போர்வெல் கக்கிக் கக்கித் தண்ணீர் விட்டது. ஸ்டீரிங்குக்குச் சந்தனம் வைத்தார்கள், வெள்ளிக்கிழமை மாலை போட்டார்கள். வீட்டுக்கு வீடு கம்பாஸ் முள்ளோடு வந்துகொண்டிருந்த வாஸ்துக்காரர் வீதிமுனையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு பேட்டைக்குப் போய்விட்டார்.

ஒருவருக்கு மட்டும்தான் இதில் நஷ்டம். வலது ஷிப்டில் வீதியின் வாய் மில்லின் பின்சுவரில் போய் முட்டியது, இடது ஷிப்டில் பஞ்சுக் குடோன் சுவரில் முட்டியது. சந்து வழியாக ஆள் போகலாம், சைக்கிள் போகலாம், ஸ்கூட்டர் கொஞ்சம் உரசிக்கொண்டு போகலாம். கார் போக முடியாது. புது ஸ்டீரிங் மாட்டிய முட்டை வண்டியை ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு எந்த நாளும் சென்னியப்பனால் வெளியே எடுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலோ, பேட்டரி இறங்கிக் கிடந்தது.

அப்போதுதான் மரகதத்தின் போன் வந்தது.

மரகதம் அவருடைய ஒரே தங்கை. பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. அண்ணனும் தங்கையும் பேசிப் பதினோரு வருஷம். பெரிய சண்டையெல்லாம் இல்லை. அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், பத்து வயது மகளோடும் அப்பா ஞாபகமாக எடுத்துக்கொண்ட ஒரு செம்புக் குடத்தோடும் புறப்பட்டு நின்ற மரகதம், "அண்ணா, ஒருக்கா வண்டியில கொண்டாந்து விட்டுருங்களேன்," என்று கேட்டாள். முதல் நாள் மழை பெய்து ரோடெல்லாம் சேறு. அப்பா விட்டுப்போன முட்டை வண்டியோ கழுவித் துடைத்து நிறுத்தியது. "பஸ்ஸு இருக்குதல்ல," என்றார் சென்னியப்பன். அவ்வளவுதான். மரகதம் பஸ்ஸுக்கு நடந்தாள். கூட்டத்தில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சி வரை நின்றே போனாள் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் அவளிடமிருந்து கடிதாசும் இல்லை, பொங்கலுக்கு அவர் அனுப்பிய சீர் பிரிக்காமல் திரும்பி வந்தது.

"சுகந்திக்குக் கண்ணாலம் வெச்சிருக்குதுங்கண்ணா," என்றாள் போனில், நேற்றுத்தான் பேசி வைத்த மாதிரி. "புதங்கெழமை நாலு மணிக்கு மாமன் சீரு. தாய்மாமன் நீங்க வராம ஆகாது. ஆனா ஒண்ணுங்க. அப்பா வண்டியில வாங்க. பஸ்ஸுல வர்றதா இருந்தா வரவே வேண்டாம்."

"வண்டியிலயே வர்றேன் அம்மணி," என்றார் சென்னியப்பன்.

"ஸ்டீரிங்ல நாங் கடிச்ச தடம் இன்னும் இருக்குதுங்களா?"

அவருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. நாலு வயது மரகதம், சித்திரை வெயிலில் நின்று இளகிப் போயிருந்த ஸ்டீரிங்கை, அப்பா ஐஸ் வாங்கித் தராத கோபத்தில் ஒரு கடி கடித்தாள். கீழ் விளிம்பில் நாலு பல்லின் தடம் அப்படியே பதிந்துவிட்டது. அப்பா திட்டாமல், வண்டி ஓட்டும்போதெல்லாம் சுண்டு விரலை அந்தக் குழியிலேயே வைத்து ஓட்டினார். சென்னியப்பன் ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தார். கம்பி வலைக்குள், சந்தனத்துக்கும் கதம்ப மாலைக்கும் அடியில் அந்தத் தடம் இருந்தது.

"இருக்குது," என்றார். பொய் இல்லை. ஆனால் பொய்தான்.

"அதைச் சுகந்திக்குக் காட்டோணும்ணா," என்று மரகதம் போனை வைத்தாள்.

அதன்பின் வந்த பத்து நாட்களில் சென்னியப்பன் பட்ட பாடு கொஞ்சமல்ல. தன் காரின் ஸ்டீரிங்கை, தன் வீட்டுத் தூணிலிருந்து, தானே எடுத்துக்கொள்ள அவர் இருபத்தோரு வீட்டுப் படி ஏறினார். எல்லோரும் உட்கார வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், அவர் சொன்னதைக் கேட்டுக் கண்கலங்கினார்கள், கடைசியில் முடியாது என்றார்கள். வந்த மாற்றல் உத்தரவில் இன்னொரு கையெழுத்து பாக்கி என்றார் டீச்சர். நிச்சயதார்த்தம் கிழக்கு வாசலில் நடக்க வேண்டும் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றார் ஒன்பதாம் நம்பர். புது ஸ்டீரிங்கை அந்தக் கம்பியில் மாட்டித் தருகிறேன் என்று சென்னியப்பன் அதையும் காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து, தலைவர் பழசைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, மாட்டினார். எத்தனை சுற்றுச் சுற்றியும் வீதி ஒரு இம்மிகூட அசையவில்லை. அதைப் பார்த்துப் பழசின் மேல் எல்லோருக்கும் பக்தி கூடியதுதான் மிச்சம்.

"ரெண்டே நாள், நாகமாணிக்கண்ணா. புதன் போயிட்டு வியாழன் வந்துர்றேன்."

"ரெண்டு நாளைக்கு எங்க வாசலு எந்தப் பக்கமுங்க?" என்றார் தலைவர், அமைதியாக. "மிசின் ஓடறப்ப பெல்ட்டைக் கழத்தற பழக்கம் எனக்கில்லீங்க. டாக்சி வெச்சுப் போயிட்டு வாங்க. நல்ல டாக்சியா நானே சொல்லி உடறேன்."

"எம் பொருளுங்கண்ணா அது!"

"வீதி யாரோடதுங்க?"

சென்னியப்பன் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளினார். கடையில் ஒரு மோட்டாருக்கு நூற்றிருபது சுற்றுக்குப் பதில் இருநூறு சுற்றினார். யாரைத் திட்டுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. வீதியைத் திட்டினால் இரண்டே கால் என்று எண்ணிக் கொடுத்தது தன் வாய், ஸ்டீரிங்கைத் திட்டினால் கழற்றியது தன் கை, வயிற்றைத் திட்டினால் அதை வளர்த்ததும் தானே. தெய்வானை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அரை மணி நேரத்துல கழுவற சேத்துக்கு யோசிச்சீங்க," என்றாள். "இப்ப அனுபவிங்க. அதுக்காக போகாம மட்டும் இருந்துறாதீங்க, ஆமா."

புதன்கிழமை வந்தது. காலையிலேயே சென்னியப்பன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, காரிலிருந்து புது ஸ்டீரிங்கைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டார். தலையில்லாமல் கம்பியை நீட்டிக்கொண்டு நின்ற வண்டியில் தெய்வானை ஐந்து வரிசைத் தட்டுகளை ஏற்றினாள்: பட்டுப் புடவை, மாலை, பழம், தேங்காய், வெற்றிலை. ஐந்து தட்டைத் தூக்க இரண்டே பேர். சொந்தக்காரர்களைக் கூப்பிடலாமென்றால், தங்கையைப் பஸ்ஸில் அனுப்பிய அண்ணன் என்று அந்தப் பக்கத்து உறவெல்லாம் எப்போதோ விலகியிருந்தது. வெறும் இரண்டு பேராகப் போய் நிற்கிற தாய்மாமனை மண்டபத்தில் என்ன சொல்லுவார்கள் என்று நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது.

மதியம் சங்கு ஊதியது. ஷிப்ட் மாற்றம் பார்க்க வழக்கம்போல எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள், கட்டிலைத் திருப்ப வேண்டியவர்கள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள், மின்சாரக் கணக்கு எடுக்க வந்த மீட்டர்காரர்கூட நாலாம் நம்பர் வாசலில் நோட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார். நாகமாணிக்கம் கூண்டைத் திறந்தார். சென்னியப்பன் சந்தனத்தைத் துடைத்தார், மாலையைக் கழற்றித் தலைவர் கையில் கொடுத்தார், இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தார்.

"இடது, எண்ணுங்க," என்றார் தலைவர்.

"ஒண்ணு," என்றார் சென்னியப்பன், சுற்றாமல் இழுத்தார்.

வீதி முழுக்க 'ரெண்டு' வருகிறதா என்று காத்திருந்தது. அதற்குள் அவர் வயிறு குலுங்க ஓடி, காருக்குள் ஏறி, ஸ்டீரிங்கைக் கம்பியில் அழுத்தி, பாக்கெட்டில் தயாராக இருந்த நட்டை விரலாலேயே திருகினார். "புடிங்க அவரை," என்று நாகமாணிக்கம் கத்தினார். தெய்வானை தட்டுகளைக் கட்டிக்கொண்டு, "எடுங்க சீக்கிரம்," என்றாள். சென்னியப்பன் சாவியைத் திருகினார், முட்டை வண்டி இருமி, தும்மி, பிடித்துக்கொண்டது, அவர் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார்.

கார் கேட்டை விட்டு வெளியே வரவில்லை. கேட்டும் கூடவே வந்தது. கேட்டுக்குப் பின்னால் வீடும், வீட்டுக்குப் பக்கத்தில் எட்டாம் நம்பரும் ஆறாம் நம்பரும், எதிரே சாவித்திரி டீச்சர் வீடும் டீச்சரும், நடுவில் இருந்த தார் ரோடும், மொட்டை மாடி மிளகாயும், இருபத்திரண்டு குடும்பமும், மீட்டர்காரரும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மில் சுவரை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தன. அவர் இடது பக்கம் ஒடித்தார். மூன்றாவது வீதி இடது பக்கம் ஒடிந்து மெயின் ரோட்டில் ஏறியது.

சென்னியப்பனுக்கு ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கார் ஓட்டுகிற மாதிரியே இல்லை. கண்ணுக்கு முன்னால் நகராமல் தன் வீட்டுக் கேட்டுத் தூணே நிற்க, அதற்கு அப்பால் எதிர்வீட்டு மாடிகளுக்கு மேலே உக்கடமும் குறிச்சியும் நகர்ந்துகொண்டிருந்தன. உக்கடத்தில் போக்குவரத்து போலீஸ்காரர் விசிலடித்து லாரிகளை நிறுத்தி, இருபத்திரண்டு வீடும் போகும்வரை கையைத் தூக்கியபடி நின்றார். முதல் இரண்டு மைல் வரை வீதி அவரைத் திட்டியது. அப்புறம் வழி சொல்ல ஆரம்பித்தது.

"சென்னியண்ணா, லெப்ட்டுல ஏறுங்க, லெப்ட்டுல!"

"பிரேக் போடாதீங்க, அடுப்புல பால் இருக்குது!"

"சித்த நிறுத்துங்க, எங்க மாமனார் குறிச்சியிலதான் இருக்கறாரு, பாத்துட்டு ஓடியாந்தர்றேன்!"

காரில் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து வழி சொன்னாலே தாங்க மாட்டாதவர் அவர். இப்போது எண்பது பேர், ஜன்னலிலிருந்தும் மாடியிலிருந்தும் வழி சொன்னார்கள். கிணத்துக்கடவில் மேடு ஏறும்போது பதினெட்டாம் நம்பர்காரரின் சக்கரக் கட்டில் வாசல் வரை உருண்டு வந்தது. நாகமாணிக்கம் மட்டும் வழி சொல்லாமல், கையில் மாலையோடு கார்க் கதவருகே நின்றுகொண்டே வந்தார். விரிசல் உள்ளங்கையைக் கடித்தது. சென்னியப்பனின் சுண்டு விரல், எப்போது போனது என்று தெரியாமல், கீழ் விளிம்பில் இருந்த குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. நாலு மணிச் சீருக்கு ஒரு மணி நேரம் தாமதம். வீதி உள்ளே நுழைய இடமில்லாமல் மண்டபத்துக்கு எதிரே தென்னந்தோப்பு ஓரமாகப் போய் நின்றது. சென்னியப்பன் இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, ஒரு தட்டை எடுத்துக்கொண்டார், தெய்வானை ஒன்று எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தது வந்தாயிற்று, கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு வெறுங்கையோடு போக முடியுமா என்று வீதியே முகம் கழுவி, புடவை மாற்றி, வீட்டில் இருந்ததைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது: டீச்சர் சர்க்கரைப் பாக்கெட்டும் கற்கண்டும், ஒன்பதாம் நம்பர் தன் மகன் நிச்சயத்துக்கு வாங்கிய பழம், ஐந்தாம் நம்பர் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்கூட. நாகமாணிக்கம் தட்டில் அந்தக் கதம்ப மாலை இருந்தது. காரில் மிஞ்சிய மூன்று தட்டையும் யாரோ தூக்கிக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் சென்னியப்பன் தன் தட்டையும் சேர்த்து எண்ணினார். இருபத்தேழு தட்டு, ஒற்றைப்படை, நல்லதுதான். இருபத்தேழாவது தட்டைத் தூக்கி வந்தவர் மீட்டர்காரர்.

மண்டப வாசலில் மரகதம் நின்றாள். தலை நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்தாள், அவர் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்தாள், கூட்டத்துக்குப் பின்னால் தோப்போரமாக நின்ற இருபத்திரண்டு வீடுகளையும் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, வண்டியில வரச் சொன்னா வீதியோடவா வருவீங்க?"

"எல்லாம் அந்தச் சனியன் ஸ்டீரிங்கு அம்மணி!" என்று சென்னியப்பன் வெடித்தார். பத்து நாள் ஆத்திரமும் நாற்பது கிலோமீட்டர் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "கழத்துனேன், உங்கிட்ட சொல்லாம மறச்சேன், திருப்பிக் கேட்டாத் தரமாட்டேன்னாங்க, புடுங்கிட்டு வந்தேன், லேட்டாப் போச்சு. திட்டறதுன்னா இப்பவே திட்டிப்போடு."

மரகதம் திட்டவில்லை. நேராகக் காருக்கு நடந்தாள். கதவு வழியே கை விட்டு, ஸ்டீரிங்கின் கீழ் விளிம்பைத் தடவிப் பார்த்தாள், விரல் குழியில் போய் நின்றது. திரும்பி, "சுகந்தி, இங்க வா கண்ணு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

சீர் நடந்தது. மறுநாள் முகூர்த்தமும் நடந்தது, வீதியே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. மதியம் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வருவதற்கு முன்னால் மரகதம் தன் வீட்டுக்குப் போய் விளக்கேற்றி வைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஜீப்பைத் தாண்டி வந்து, முட்டை வண்டியின் முன் கதவைத் திறந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மடியில், கல்யாணத்துக்குக் கொண்டுவந்திருந்த அப்பாவின் செம்புக் குடம் இருந்தது. கொண்டுவந்து விடுங்கள் என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. தெய்வானை பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பியது, வீதியும் கிளம்பியது.

"லெப்ட்டுங்க!" என்றது ஒரு ஜன்னல்.

"இல்லீங்க, நேராப் போயி ரைட்டு!" என்றது ஒரு மாடி.

"டிபோ வழியாப் போங்கண்ணா!"

சென்னியப்பனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நேற்று மதியத்திலிருந்து அடக்கிவைத்திருந்த குரல் மொத்தத்தையும் விட்டார்.

"எல்லாரும் சித்த வாய மூடுங்க! எந்தங்கச்சி ஊட்டுக்கு எனக்கு வழி தெரியும்!"

இருபத்திரண்டு வீடும் அடங்கியது.

"தெரியுங்களாண்ணா?" என்றாள் மரகதம், ரோட்டைப் பார்த்தபடி. "நாங்க பழைய ஊட்டை உட்டு ஒம்போது வருசமாச்சுங்களே. புது ஊட்டுப் பால் காய்ச்சறதுக்கு நீங்க வரலீங்களே."

அவருடைய கால் தானாகப் பிரேக்கில் போனது. வீதி நின்றது. எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு டம்ளர் உருண்டது. எத்தனை என்று எண்ணிப் பார்க்க மனசு எழுந்தது, ஒன்பது என்பதற்கு மேல் அதில் எண்ண ஒன்றும் இல்லை.

"எந்தப் பக்கம் அம்மணி?" என்றார் கடைசியில்.

"அந்தப் புளியமரத்துக்கிட்ட வலதுங்க."

சென்னியப்பன் வலது பக்கம் ஒடித்தார், அவருக்குப் பின்னால் மூன்றாவது வீதி வலது பக்கம் ஒடிந்தது, இப்போது தங்கள் வாசல் எந்தத் திசை பார்க்கிறது என்று அதில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.